மிச்சம் பிடித்தது யாருக்கு?

ஓட்டல் வாசலில் 'அன்லிமிடெட் மீல்ஸ்' என்று போர்டு. உள்ளே போய் உட்காருகிறீர்கள். இலை போட்டாயிற்று. சாம்பார், வத்தக்குழம்பு எல்லாம் ஒரு சுற்று முடிந்து, ரசத்துக்கு மூன்றாவது தடவை சாதம் கேட்கிறீர்கள். சர்வர் உங்களை மேலும் கீழும் பார்க்கிறார். 'இல்லை' என்று அவர் சொல்ல முடியாது. வெளியே போர்டு தொங்குகிறதே! அதனால் உள்ளே போய் ஒரு டீஸ்பூன் எடுத்து வருகிறார். ஒரு பருக்கை... இன்னொரு பருக்கை... "சாப்பிடுங்க சார், அன்லிமிடெட்தான். எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்கார்ந்து சாப்பிடலாம்!"

சிரிப்பு வருகிறதா? வீட்டுக்கு இன்டர்நெட் வாங்கியவர்கள் பல வருஷம் இந்த ஓட்டலில்தான் சாப்பிட்டார்கள். விளம்பரத்தில் 'அன்லிமிடெட்' என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் குட்டியாக ஒரு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டு கீழே போனால், பொடி எழுத்தில் விஷயம் இருக்கும். இத்தனை ஜி.பி.க்கு மேல் வேகம் குறைக்கப்படும். மாதக் கடைசியில் படம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கொலைகாரன் யாரென்று போலீஸ்காரர் வாயைத் திறக்கும்போது திரை உறைந்து, நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். கம்ப்யூட்டர் சர்வரும் டீஸ்பூனை எடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

இந்த ஏற்பாட்டுக்கு 'ஃபேர் யூசேஜ் பாலிசி' என்று பெயர். தமிழில் சொன்னால் 'நியாயமான உபயோகக் கொள்கை'.

வேகம் குறைவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பெயரில் இருக்கிற 'நியாயம்' என்ற வார்த்தைதான் உறுத்துகிறது. 'உன் காசுக்கு இவ்வளவுதான்' என்று சொன்னால் அது வியாபாரம். காசுக்கேற்ற தோசை. யாரும் கோபப்பட முடியாது. ஆனால், 'இவ்வளவு பார்ப்பதுதான் நியாயம்' என்று சொன்னால், அதற்கு மேல் பார்த்தவர் அநியாயக்காரர் ஆகிவிடுகிறார். ஒரு மாதத்தில் நாலு படம் கூடுதலாகப் பார்த்தவர் யாருக்கு என்ன அநியாயம் செய்தார்? யாருடைய பங்கை எடுத்துச் சாப்பிட்டார்?

கொஞ்சம் பழைய கணக்கைப் புரட்டுவோம்.

2004-ல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கை ஒன்றை அறிவித்தது. நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தால் அது 'பிராட்பேண்ட்'. அடுத்த வருடம் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' என்ற பெயரில் வீடு வீடாக இணைப்பு கொடுக்க ஆரம்பித்தது. அப்போதைய திட்டங்களில் மாதத்துக்கு 400 எம்.பி., 1 ஜி.பி. என்றெல்லாம் அளவு. தாண்டினால் ஒவ்வொரு எம்.பி.க்கும் தனியாகக் காசு. பில்லைப் பார்த்து மயக்கம் போட்ட குடும்பத் தலைவர்கள் ஏராளம். இன்றைக்கு நெட்ஃபிளிக்ஸில் ஹெச்.டி. தரத்தில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் சுமார் 3 ஜி.பி. ஆகிறது. அந்த 400 எம்.பி.யை இன்றைக்குக் கொடுத்தால் எட்டு நிமிஷம் தாங்கும். டைட்டில் முடிந்து ஹீரோ வருவதற்குள் மாதம் முடிந்துவிடும்!

அதே பி.எஸ்.என்.எல்.லின் சில திட்டங்களில் ஒரு சலுகை இருந்தது. இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கு கிடையாது. காலேஜ் பையன்கள் 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, டவுன்லோடைத் தட்டிவிட்டு மறுபடி தூங்கினார்கள். 256 கிலோபிட் வேகத்தில் ஆறு மணி நேரம் இடைவிடாமல் இறக்கினால் சுமார் 690 எம்.பி. ஒரு சி.டி.யின் கொள்ளளவு 700 எம்.பி. அதாவது ராத்திரிக்கு ஒரு சினிமா!

பார்க்கக் கேலியாக இருந்தாலும், அந்த ராத்திரிச் சலுகையில் ஒரு நேர்மை இருந்தது. அது ஏன் என்று புரிய, நம்மூர் ஏரிக்கரைக்குப் போக வேண்டும்.

ஏரிப் பாசனம் உள்ள கிராமங்களில் 'நீர்க்கட்டி' என்று ஒருவர் இருப்பார். மடையைத் திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைத்துப் பாய்ச்சுவது எல்லாம் அவர் வேலை. அவருக்குக் கூலி ஊரே நெல்லாகக் கொடுக்கும். ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிந்து ஓடும் காலத்தில் அவர் யாரையும் தடுக்க மாட்டார். தண்ணீர் குறையும்போதுதான் முறை வரும். முறை வந்தால் மிராசுதாரும் காத்திருக்க வேண்டும். ஏனென்றால் மேல்மடைக்காரர் கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு படித் தண்ணீரும் கடைமடைக்காரர் வயலில் குறையும். கண்ணால் பார்க்கலாம். பயிர் வாடும்.

அமெரிக்காவில் எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார், 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி, வாழ்நாள் முழுக்க இதைத்தான் ஆராய்ந்தார். பொதுச் சொத்தை ஆளாளுக்குப் பிடுங்கி நாசமாக்கத்தான் செய்வார்கள் என்று 1968-ல் கேரட் ஹார்டின் எழுதிய கட்டுரை அப்போது ரொம்பப் பிரபலம். ஆஸ்ட்ரம், ஸ்பெயின் வாய்க்கால்களையும் பிலிப்பைன்ஸ் பாசனக் குழுக்களையும் காட்டி, 'அப்படி ஒன்றும் கட்டாயமில்லை' என்றார். எங்கெல்லாம் உபயோகிப்பவர்களே சேர்ந்து விதி போட்டு, அந்த இடத்துக்குப் பொருத்தமாக அதை வைத்து, கண்காணிப்பவர் அவர்களுக்கே பதில் சொல்லும்படி இருக்கிறதோ, அங்கெல்லாம் பொதுச் சொத்து தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கிறது. நம்ம நீர்க்கட்டி அசப்பில் அந்த ஆள்தான்.

இப்போது இன்டர்நெட்டுக்கு வருவோம். டேட்டா என்பது ஏரித் தண்ணீரா?

இல்லை. தண்ணீர் குடித்தால் தீரும். டேட்டா தீராது. நீங்கள் ஒரு படம் பார்த்து முடித்ததும் அந்தப் படமும் அப்படியே இருக்கிறது, அது வந்த கம்பியும் அப்படியே இருக்கிறது. இது ரோடு மாதிரி. நீங்கள் அண்ணா சாலையில் பத்து தடவை போய் வந்ததால் அண்ணா சாலை பத்து முழம் குறைந்துவிடாது. ரோட்டில் வரக்கூடிய ஒரே பிரச்னை நெரிசல். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் வந்தால் எல்லோரும் நிற்க வேண்டும். ராத்திரி 2 மணிக்கு நீங்கள் நூறு தடவை போய் வந்தாலும் யாருக்கும் ஒரு நிமிஷம்கூடத் தாமதமில்லை.

அந்த ராத்திரிச் சலுகை இந்த உண்மையை ஒப்புக்கொண்டது. நெரிசல் இல்லாத நேரத்தில் கணக்கு இல்லை. மாதம் இத்தனை ஜி.பி. என்ற வரம்பு இதை ஒப்புக்கொள்வதில்லை. ராத்திரி 9 மணிக்கு ஊரே பார்க்கும்போது நீங்கள் பார்த்த ஒரு ஜி.பி.யும், விடியற்காலை 4 மணிக்கு ஆளில்லாத ரோட்டில் பார்த்த ஒரு ஜி.பி.யும் அதற்கு ஒன்றேதான்.

"அப்படியானால் கம்பெனிக்காரன் செலவே பண்ணலையா? தெருவெல்லாம் தோண்டி கேபிள் போட்டிருக்கானே?" என்று நீங்கள் கேட்பது நியாயம். கரன்ட்டுக்கு மீட்டர் இருக்கிறது. அதிகம் எரிப்பவர் அதிகம் கட்டுகிறார். மெயில் மட்டும் பார்க்கும் ரிட்டயர்டு வாத்தியாரும், மூன்று டி.வி.யில் படம் ஓடும் வீடும் ஒரே தொகை கட்ட வேண்டுமா? நல்ல கேள்வி. அமெரிக்க கேபிள் நிறுவனங்களின் சங்கத் தலைவராக இருந்த மைக்கேல் பவல் 2013-ல் இதை வெளிப்படையாகவே பேசினார். வரம்பு வைப்பது நெரிசலைத் தடுக்க என்று நினைப்பது சரியல்ல, முன்கூட்டியே போட்ட பெரிய முதலீட்டை எப்படி நியாயமாகப் பிரித்து வசூலிப்பது என்பதே விஷயம் என்ற பொருளில் சொன்னார். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். அது வசூலிக்கும் முறை. விலைப் பட்டியல். விலைப் பட்டியலைப் பற்றிப் பேரம் பேசலாம், வேறு கடைக்குப் போகலாம். ஆனால் விலைப் பட்டியலுக்கு ஒழுக்கத்தின் சட்டையை மாட்டி, 'அதிகம் பார்ப்பவன் அடுத்தவன் பங்கைத் தின்கிறான்' என்று சொல்லக் கூடாது.

விலைப் பட்டியல்தான் என்பதற்கு நம் நாட்டிலேயே ருசு இருக்கிறது. 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் வந்தபோது 699 ரூபாய்த் திட்டத்தில் 100 எம்.பி.பி.எஸ். வேகம், மாத வரம்பு 100 ஜி.பி., ஆரம்பச் சலுகையாக ஒரு 50. ஒரே வருடம் கழித்து, அதே 699 ரூபாய், அதே வேகம், வரம்பு 3,300 ஜி.பி.! 100 ஜி.பி. என்பது ஹெச்.டி.யில் தினம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். 3,300 என்பது, ஒரு டி.வி.யில் முப்பது நாளும் கண்ணை மூடாமல் ஹெச்.டி. பார்த்தாலும் தீராத அளவு. அப்படிப் பார்த்தால்கூட 2,160 ஜி.பி.தான் ஆகும். கண்ணாடி இழை ஒரே வருடத்தில் முப்பத்து மூன்று மடங்கு தடித்துவிடவில்லை. போட்டி வந்தது, 'நியாயம்' மாறிவிட்டது.

இன்னும் பெரிய ருசு 2020 மார்ச்சில் கிடைத்தது. உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதம். அந்த மாதம் இரண்டு காரியங்கள் நடந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்று: ஐரோப்பாவில் நெட்ஃபிளிக்ஸ் தன் வீடியோக்களின் அளவை 25 சதவிகிதம் குறைத்தது. இந்தியாவில் பெரிய வீடியோ நிறுவனங்கள் மார்ச் 24 அன்று கூடிப் பேசி, மொபைல் நெட்வொர்க்கில் 480-பி தரத்துக்கு மேல் படம் காட்டுவதில்லை என்று முடிவு செய்தன. ஏப்ரல் 14 வரை.

இரண்டு: அமெரிக்காவில் காம்காஸ்ட் என்ற பெரிய கம்பெனி, பல மாநிலங்களில் வைத்திருந்த மாதம் 1,000 ஜி.பி. என்ற வரம்பைத் தற்காலிகமாகத் தூக்கிவிட்டது. ஜூன் கடைசி வரை வரம்பே இல்லை.

கவனித்தீர்களா? நெரிசலைத் தடுக்கத்தான் மாத வரம்பு என்றால், சரித்திரத்திலேயே பெரிய நெரிசல் வந்த மாதத்தில் அதை இன்னும் இறுக்கியிருக்க வேண்டும். தூக்கிவிட்டார்கள். தூக்கிய பிறகும் நெட்வொர்க் இடிந்து விழவில்லை. ஜூலையில் வரம்பு 1,200 ஜி.பி. என்று திரும்பி வந்தது. 2025-ல் அதே கம்பெனி தன் புதிய திட்டங்களில் வரம்பை எடுத்துவிட்டது.

முதல் காரியமோ நீர்க்கட்டி செய்கிற காரியம். காரணம் சொன்னார்கள். கெடு சொன்னார்கள். பணக்காரத் திட்டம், ஏழைத் திட்டம் என்று பார்க்காமல் எல்லோருக்கும் படத்தை மங்கலாக்கினார்கள். யாராவது சண்டை போட்டார்களா? 'பரவாயில்லை, எல்லாருக்கும் கிடைக்கணுமே' என்று பார்த்தோம். ஜனங்களுக்கு வரம்பு பிடிக்காது என்பது பொய். காரணமில்லாத வரம்புதான் பிடிக்காது.

சரி, இதெல்லாம் கம்பெனி விவகாரம். உங்கள் வீட்டுக்குள் வருகிறேன்.

வரம்பு வந்த வீட்டில் மாதம் 20-ம் தேதி என்ன நடக்கும்?

"டேய், இன்னும் பத்து நாள் இருக்கு... அதுக்குள்ள நெட்டைத் தீர்த்துட்டியா?"

"நான் இல்லப்பா, அக்காதான் சீரியலா பார்த்துத் தள்ளறா!"

"அப்பா மட்டும் கிரிக்கெட் பார்க்கலாமா?"

ஒரு நட்சத்திரக் குறி எப்படி ஒரு குடும்பத்தையே போலீஸ் ஸ்டேஷன் ஆக்குகிறது பாருங்கள். எது படிப்பு, எது வெட்டிப் பொழுது என்று தீர்ப்பு சொல்ல வேண்டியிருக்கிறது. தீர்ப்பு யார் சொல்வார்? பில் கட்டுபவர். முதலில் விட்டுக்கொடுப்பவர் யார்? வீட்டில் குரல் குறைந்தவர். மார்கழி விடியற்காலையில் டேப்லெட்டில் திருப்பாவை உபன்யாசம் கேட்கிற பாட்டி, யாரும் சொல்லாமலேயே அதை மூடி வைப்பார். "எனக்கென்னப்பா, குழந்தை படிக்கணும். அவளுக்கு வேணுமே."

பாட்டி விட்டது பேத்திக்குப் போகிறது, அது நல்ல மனசுதான் என்று தோன்றும். மனசு நல்ல மனசுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த நேரத்தில் கம்பி காலியாகக் கிடக்கிறது. பாட்டி உபன்யாசம் கேட்டிருந்தால் தெருவில் ஒருவருக்கும் ஒரு நொடி தாமதம் ஆகியிருக்காது. வெளியே இல்லாத பஞ்சத்தை ஒரு பில் வீட்டுக்குள் உண்டாக்கியிருக்கிறது. அந்தப் பஞ்சத்துக்குப் பாட்டி விரதம் இருக்கிறார்.

சிக்கனம் ஏன் நல்ல குணம்? மிச்சம் பிடித்தது எங்கேயாவது மிஞ்சி நிற்பதால். ஒரு வாளித் தண்ணீரைச் சேமித்தால் அந்த வாளி தொட்டியில் இருக்கும். ஒரு பிடி அரிசி சேமித்தால் பானையில் இருக்கும். நாளைக்கு நமக்கோ, இன்றைக்குப் பக்கத்து வீட்டுக்கோ ஆகும். மாதக் கடைசியில் உங்கள் திட்டத்தில் மிஞ்சிய ஜி.பி. எங்கே போகிறது? பல திட்டங்களில் அடுத்த மாதத்துக்குக்கூட வராது. ஒன்றாம் தேதி கணக்கு புதிதாகத் தொடங்கும். கஷ்டப்பட்டு, படத்தை மங்கலாக்கிப் பார்த்து, பாதியில் நிறுத்தி, நீங்கள் மிச்சம் பிடித்தது ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. 'தினம் ஒன்றரை ஜி.பி.' என்று கொடுக்கும் மொபைல் திட்டங்களில் இது தலைகீழாகவும் வேலை செய்கிறது. ராத்திரி பதினொன்றரைக்கு, "இன்னும் 600 எம்.பி. இருக்கு, வீணாப் போயிடும்" என்று தேவையில்லாத வீடியோவைத் தேடிப் பிடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. வரம்பு சிக்கனத்தையும் கற்றுக்கொடுக்கவில்லை, போதும் என்ற மனத்தையும் கற்றுக்கொடுக்கவில்லை. கணக்குப் பார்க்க மட்டுமே கற்றுக்கொடுத்தது.

"அப்போ ராப்பகலாப் பார்க்கச் சொல்றீங்களா?" என்று அம்மாக்கள் சண்டைக்கு வர வேண்டாம். பிள்ளை கண்ணும் தூக்கமும் கெடும் என்றால், அதற்காக நிறுத்துங்கள். அந்தக் காரணத்தைப் பிள்ளையிடம் அப்படியே சொல்லுங்கள். "நெட் தீர்ந்துடும்டா" என்று பொய்க் காரணம் சொல்லாதீர்கள். தீராத திட்டத்துக்கு மாறிய அன்று உங்கள் பேச்சும் தீர்ந்துவிடும்.

2016-ல் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் கம்பெனிகளுக்கு ஓர் உத்தரவு போட்டது. வரம்பு எவ்வளவு, தாண்டினால் வேகம் என்ன என்பதை மறைக்காமல் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். வீட்டு பிராட்பேண்டில் வேகத்தைக் குறைத்தாலும் 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக் கூடாது. ஹெச்.டி. படத்துக்குச் சுமார் பத்து மடங்கு வேண்டும் என்பது வேறு விஷயம். ஆனால், வரம்பு வைப்பவர் சொல்லிவிட்டு வைக்க வேண்டும் என்ற அந்த விதி அப்பாக்களுக்கும் பொருந்தும்.

கடைசியாக, கடைமடை. ஏரியில் முறை வைப்பதே கடைசி வயலுக்காகத்தான். இன்டர்நெட்டில் 'அதிகம் பார்ப்பவர் யார்' என்று இத்தனை வருஷம் மேல்மடையையே முறைத்துக்கொண்டிருந்தோம். கடைமடை எப்படி இருந்தது? 2017-18-ல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இன்டர்நெட் வசதி இருந்த வீடுகள் நகரத்தில் 42 சதவிகிதம், கிராமத்தில் சுமார் 15 சதவிகிதம். இரண்டு வருடத்தில் பள்ளிக்கூடங்கள் மூடி, பாடம் எல்லாம் வீடியோ ஆனபோது, அந்த மிச்ச வீட்டுப் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படித்திருப்பார்கள்? நீங்கள் ஒரு படம் குறைத்துப் பார்த்திருந்தால் அவர்களுக்குக் கிடைத்திருக்காது. அவர்கள் வீடு வரை வாய்க்கால் வெட்டியிருந்தால் கிடைத்திருக்கும். அநியாயம் என்று ஒன்று இருந்திருந்தால், அது அங்கேதான் இருந்தது.

இன்றைக்கு உங்கள் வீட்டில் ஃபைபர் இருக்கலாம். 3,300 ஜி.பி. திட்டமாகக்கூட இருக்கலாம். மாதம் 300 ஜி.பி. பார்த்தால் அதிகம். மீதி 3,000 ஒன்றாம் தேதி காற்றோடு போகிறது. அதே சமயம், உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். ஒரே ஒரு போன், அதுவும் அம்மாவோடு வேலைக்கு வந்துவிடும். சாயங்காலம் ஒரு மணி நேரம் உங்கள் ஹாலில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டால், ஒரு கணக்குப் பாடம் பார்க்க எத்தனை ஜி.பி. ஆகிவிடும்?

'நியாயமான உபயோகம்' என்ற பெயரை யாராவது வைத்தே ஆக வேண்டும் என்றால், அதற்கு வைக்கலாம். என்ன சொல்கிறீர்கள்?